இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் ஒரு வாரம் நடக்கப் போகிறோம். எந்த வழிகாட்டிப் புத்தகம் வாங்கலாம், போகும் முன் என்ன படிக்கலாம்?

ஜூன் மாதம், கெஸ்விக் ஊரில் தங்கல், கார் இல்லை, மலையில் நடந்த பழக்கமும் அதிகமில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் என் மனைவியும் அந்தப் பக்கம் மூன்று முறை போய் வந்திருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது புத்தகம் இல்லை, வரைபடம்.

எங்கள் முதல் பயணத்தில் கையில் புத்தகம் மட்டும்தான் இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பார்ரோடேல் பள்ளத்தாக்கில் ஒரு நாள், 'இரண்டாவது கேட்டைத் தாண்டியதும் சுவரை ஒட்டி இடப்பக்கம் திரும்பவும்' என்று அதில் இருந்தது. திரும்பினோம். அரை மணி நேரம் கழித்துக் கணுக்கால் வரை சேற்றில் நின்றோம். மழையில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அந்தப் புத்தகம் அச்சான பிறகு யாரோ புதிதாக ஒரு கேட் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தின் இரண்டாவது கேட் இப்போது மூன்றாவது. சாயங்காலம் விடுதியில் பக்கத்து மேசைக்காரர் தன் வரைபடத்தை விரித்து, நாங்கள் விட்ட சுவரை விரலால் தொட்டுக் காட்டினார். மெல்லிய கருப்புக் கோடு. அதைப் பார்த்திருந்தால் வழி தவறியிருக்கவே மாட்டோம்.

அது பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடம். ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது தாளில் 4 சென்டிமீட்டர். இளஞ்சிவப்பு அட்டையில் லேண்ட்ரேஞ்சர் என்று இன்னொன்று இருக்கும். அது 1:50,000, வயல் சுவர்கள் அதில் வராது. நடப்பவர்களுக்குச் சுவர்தான் அடையாளம் என்பதால் ஆரஞ்சையே வாங்குங்கள். கெஸ்விக் பக்கத்துக்கு ஓ.எல். 4 என்ற எண்ணுள்ள தாள். உல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் போனால் ஓ.எல். 5, விண்டர்மியர் பக்கம் ஓ.எல். 7. தாளோடு ஒரு குறியீட்டு எண்ணும் வரும். அதைப் போட்டு அதே வரைபடத்தை மொபைலிலும் இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பழகிவிடுங்கள். வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோடு என்றால் அங்கே நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று பொருள். குட்டைக் கோடு நடப்பவர்களுக்கு மட்டும்; நீளக் கோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆனால் பச்சைக் கோடு இருக்கும் இடத்தில் தரையில் பாதை தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தடத்தைக் விட்டுவிட்டுப் போகும் கருப்புக் கோடாகத் தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றாகப் போகும் வழியாகப் பார்த்து முதல் இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம். கெஸ்விக்கிலிருந்து படகில் டெர்வென்ட்வாட்டர் ஏரியைக் கடந்து ஹாஸ் எண்டில் இறங்கினால், காட்பெல்ஸ் மலையின் உச்சிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஏற்றம் 370 மீட்டர். 24 நிமிடமும் 37 நிமிடமும் சேர்த்து ஒரு மணி நேரம். பழக்கமில்லாதவர்கள் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் முதல் நாளுக்கு அதுதான் என் பரிந்துரை.

இனி புத்தகம். அந்தப் பகுதி என்றாலே ஆல்ஃபிரட் வெயின்ரைட் பெயர் வந்துவிடும். கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்தவர். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது; வார இறுதிகளில் பேருந்து பிடித்துப் போய், நடந்து, வந்து, இரவில் உட்கார்ந்து எழுதினார். 1955-இலிருந்து 1966 வரை ஏழு வழிகாட்டித் தொகுதிகள், 214 மலைகள். படம், எழுத்து எல்லாமே அவர் கையாலேயே பேனாவில் போட்டவை. ஒரு எழுத்துகூட அச்சுக்கோத்தது கிடையாது. ஒரு பக்கத்தை எடுத்துக் கிட்ட வைத்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். முதலில் அப்படி அமையவில்லை என்று நூறு பக்கம் போல எழுதியதைத் தள்ளிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தவர். காட்பெல்ஸ் வரும் ஆறாவது தொகுதி மட்டும் உங்களுக்குப் போதும். பாட்டிமாரும் குழந்தைகளும் சேர்ந்து ஏறும் மலை என்று அதைப் பற்றி எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே கையை ஊன்றி ஏற வேண்டிய பாறை உண்டு என்பதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தப் பக்கங்களை அங்கே வைத்து வழி தேடாதீர்கள். அறுபது வருடத்தில் கேட்டும் சுவரும் தடமும் நிறைய மாறிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பூலி பிரிட்ஜ் ஊரின் கல் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. புதிய பாலம் வர 2020 ஆயிற்று. வழி நடக்க அண்மைப் பதிப்பாக ஒரு சிறிய கைப்புத்தகம் வாங்குங்கள். கெண்டல் ஊர்க்காரர்களான சிசரோன் பதிப்பகத்தின் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப்பைக்குள் போகிற அளவில் இருக்கும். அச்சான பின் மாறிய வழிகளைத் தங்கள் தளத்தில் அவ்வப்போது போட்டுவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பின்னணிக்குப் படிப்பது. எனக்கு மிகவும் பிரியமான பகுதி இது. வரைபடத்தில் உள்ள ஊர்ப் பெயர்களையே படிக்கலாம். ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் கடந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் சொற்கள் அப்படியே நிற்கின்றன. 'ஃபெல்' என்றால் மலை, 'பெக்' ஓடை, 'டார்ன்' மலைமேல் இருக்கும் சிறு குளம், 'ஃபோர்ஸ்' அருவி, 'த்வெய்ட்' காடு திருத்திய நிலம். சீத்வெய்ட் என்றால் கோரை மண்டிய இடத்தைத் திருத்திய நிலம். இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் மழை மிக அதிகம் அங்கேதான், ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். நனைந்துகொண்டே அந்த ஊருக்குள் நுழைந்தபோது, ஆயிரம் வருடத்துக்கு முன் கோரை வெட்டியவர்களும் இதே மழையில்தானே நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் பலரும் சொல்வார்கள். நான் அவர் தங்கை டோரதி அந்தப் பகுதியின் கிராஸ்மியர் ஊரில் எழுதிய நாட்குறிப்பைச் சொல்வேன். 1802 ஏப்ரல் 15 அன்று உல்ஸ்வாட்டர் கரையில் டாஃபடில் பூக்களைப் பார்த்ததை எழுதியிருக்கிறார்: களைத்துப்போன சில பூக்கள் கல்லின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தனவாம். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த கவிதையில் அண்ணன் தனியாக அலைகிறார். உண்மையில் அன்று டோரதியும் கூடவே நடந்தார். ஜூனில் அந்தப் பூ இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து தினம் இரண்டு பக்கம் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று, ஜேம்ஸ் ரீபேங்க்ஸ் 2015-இல் எழுதிய, மேய்ப்பர் வாழ்க்கை பற்றிய புத்தகம். அங்கேயே ஆடு வளர்ப்பவர். வேலியில்லாத மலையில் ஒவ்வொரு மந்தையும் தன் இடத்தை விட்டு நகராது. தாய் ஆட்டிடமிருந்து குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அதைப் படித்துவிட்டுப் போன இரண்டாவது பயணத்தில்தான் நான் ஆடுகளையே சரியாகப் பார்த்தேன். ஹெர்ட்விக் இனக் குட்டிகள் கருப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும். நீங்கள் போகும் ஜூனில் வெள்ளை முகத் தாயின் பின்னால் கன்னங்கரேலென்று குட்டிகள் ஓடும். முதல் பயணத்தில் அவற்றை இரண்டு வேறு இனம் என்று நினைத்து அப்படியே கடந்து போயிருந்தோம்.