18 மார்க்கில் ஆளுமைக் கோளாறா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. பள்ளியில் எல்லாருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்து டிக் போடச் சொன்னார்களாம். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "18 வந்திருக்கிறது, பார்டர்லைன், ஆளுமைக் கோளாறாக இருக்கலாம்" என்றார்கள். அவன் அதிகம் பேசமாட்டான், அவ்வளவுதான். விடியுமுன்னே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். தாளின் நகலை அனுப்பியிருக்கிறேன். இது டி.சி.யில் ஏறுமா, அக்கா?
— ஒரு தாய், குலசேகரம் பக்கம்

பதில்: தங்கச்சி, நகல் அனுப்பினீர்களே, நல்ல காரியம். பலரும் "ஏதோ டெஸ்ட்டாம்" என்று மட்டும் எழுதுவார்கள், நான் என்னத்தைச் சொல்ல!

இது எஸ்.டி.க்யூ., அதாவது பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் கேள்வித்தாள். இங்கிலாந்து மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது. 25 வாக்கியங்கள். கடந்த ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டு ‘இல்லை’, ‘ஓரளவு’, ‘நிச்சயமாக’ என்று டிக் போட வேண்டும். மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், நட்பில் சிக்கல் என்ற நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 40. பிறருக்கு உதவும் குணம் ஐந்தாவது. அது கூட்டலில் சேராது. ஆளுமைக் கோளாறைக் கண்டுபிடிக்க எழுதிய தாளே இல்லை இது. எந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று பார்ப்பதற்கு உள்ளது.

பிள்ளைகளே நிரப்பும் தாளில் 16 முதல் 19 வரை வந்தால் ‘பார்டர்லைன்’ என்பார்கள். மார்க் நடுவாந்தரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் பொருள். ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி’ என்று ஒரு நோயின் பெயரும் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரோ உங்களைப் பயமுறுத்திவிட்டார்கள் என்பது என் ஊகம். இன்னொன்று: பிரிட்டிஷ் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேர் 20-இலும் அதற்கு மேலேயும், இன்னொரு 10 பேர் இந்த நடுவிலேயும் வரும்படி பார்த்துத்தான் எல்லைக்கோட்டையே போட்டார்கள். அந்தக் கணக்குப்படி 40 பேர் உள்ள வகுப்பில் எட்டுப் பேர் மாட்டுவார்கள்.

சரி, உங்கள் பையனின் 18 எங்கிருந்து வந்தது? கவனமின்மையில் 7. தலைவலி, வயிற்றுவலி வாக்கியத்துக்கு முழுசாக 2. ‘தனியாக இருக்கவே பிடிக்கும்’ என்கிற மாதிரி வாக்கியத்துக்கும் 2. நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றவன், மூன்றாவது பீரியடில் கணக்கைக் கவனிப்பானா, கண்ணை மூடுவானா? சண்டை, பொய், திருட்டு பற்றிய தொகுதியில் மொத்தமே 2. இது கோளாறு பிடித்த பையனின் தாளாக எனக்குத் தெரியவில்லை, தூக்கம் போதாத பையனின் தாளாகத்தான் தெரிகிறது. ஆனால் தாளை மட்டும் பார்த்து நானும் முடிவு கட்டக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ரப்பர் பால் எடுக்கும் கடையில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு டி.ஆர்.சி., அதாவது பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பாலை உறையவைத்து, காயவைத்து, எடை போட்டுத்தான் தீர்ப்பு. உங்கள் மகன் விஷயத்தில் மிதக்கவிட்டதோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு பையன் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போட்டிருந்தான். பதறிப்போய் அவன் அம்மாவை வரவழைத்தேன். "வேன் கிளம்பப் போச்சுது டீச்சர், அதான் ஒரே வரிசையா போட்டேன்" என்றான். அம்மாவுக்கு அன்றைய மீன் வியாபாரம் போனதுதான் மிச்சம். ஆளுமையை அளக்கவென்றே உள்ள எம்.எம்.பி.ஐ.-ஏ (1992, 14 முதல் 18 வயதுக்கு, 478 வாக்கியங்கள்) இப்படிப்பட்ட டிக்கையும், நல்லபிள்ளை வேஷத்தையும் பிடிக்கத் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் 25 வாக்கியத் தாளில் அது இல்லை. அந்தப் பெரிய தாளையும் பயிற்சி பெற்ற உளவியலாளர் நேரில் பேசிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம். என்ன சொல்கிறது என்றால், 18 வயதுக்குள் ஆளுமைக் கோளாறு என்று சொல்ல, அறிகுறிகள் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். சமூக விரோத ஆளுமை என்ற வகையை 18-க்கு முன் சொல்லவே கூடாது.

இப்போதைக்கு ஒரு மாதம் அவனைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். வருமானம் கொஞ்சம் இடிக்கும், தெரியும். பத்தாம் வகுப்பு, தூங்கட்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "மக்களே, இதுக்கு என்ன நினைச்சு டிக் போட்டா?" என்று கேளுங்கள். குறிப்பாக அந்தத் ‘தனியாக’ என்ற இடத்தில். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். சாகணும் என்ற பேச்சோ, உடம்பைக் கீறிக்கொள்வதோ இருந்தால் மாதக்கணக்கு வேண்டாம். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு ராத்திரியிலும் போன் பண்ணலாம், இலவசம்.

டி.சி. கேட்டீர்களே. அதில் நடத்தைக்கு ஒரு கட்டம் உண்டு. இந்த 18-ஐ எழுத அதில் இடமே கிடையாது.