40 பாட்டு அனுப்பினால் யார்தான் கேட்பார்கள்?

ரீமிக்ஸை (இருக்கிற பாட்டையே ஆடத் தோதான தாளத்தோடு மாற்றிச் செய்ததை) நண்பருக்கு அறிமுகப்படுத்த 40 டிராக் அனுப்பினீர்கள், அவர் ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் கேட்டுவிட்டு "எல்லாமே ஒரே தும் தும்" என்று சொல்லிவிட்டார், அதுதானே பிரச்சினை? தப்பு அவர்மேல் இல்லை. நீங்கள் அனுப்பியதில் பாதிக்கு மேல் எக்ஸ்டெண்டட் மிக்ஸ், அதாவது டிஜேக்களுக்காக நீட்டிய வடிவம். டிஜே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நழுவத் தோதாக அதில் தொடக்கம் வெறும் தாளமாகத்தான் இருக்கும். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தட்டு) வேகத்தில் அது 32 பார் (பாருக்கு நான்கு தட்டு) என்றால் கணக்காக ஒரு நிமிடம், அதற்குள் அவர் அடுத்ததைத் தட்டிவிட்டார். ரேடியோ எடிட், அதாவது வானொலிக்காகச் சுருக்கிய வடிவம், அனுப்புங்கள்.

அப்புறம், ஜோடியாக அனுப்பிப் பாருங்கள், மூலம் ஒன்று, ரீமிக்ஸ் ஒன்று. நான் எப்போதும் பாடகி சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டில்தான் ஆரம்பிப்பேன். 1987 ஆல்பத்தில் அது வாத்தியமே இல்லாத தனிக்குரல். 1990இல் டிஎன்ஏ என்ற இரட்டையர் அனுமதிகூடக் கேட்காமல் அதன் அடியில் டிரம்ஸைப் போட்டார்கள், பாட்டின் கடைசியில் வேகா சும்மா முணுமுணுத்த அந்த "டு டு டு" திடீரென்று பல்லவியாகிவிட்டது! அடுத்து எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் 'மிஸ்ஸிங்', டிஜே டாட் டெர்ரி செய்த ரீமிக்ஸோடு. குரலில் இருக்கும் ஏக்கம் அப்படியே இருக்கும், கால் மட்டும் தானாக ஆடும்.

கவர் (ஒருவர் பாட்டை வேறொருவர் திரும்பப் பாடியது) எல்லாம் பிறகு. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும், அதையும் போன் ஸ்பீக்கரில் கேட்க விடாதீர்கள், அதில் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) இருக்கிற இடமே தெரியாது.