கண்ணில் ஜீன் தெரபி, வாயில் ஸ்டீராய்டு: ஏன் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன?

கேள்வி: என் தம்பிக்கு வயது 19, எடை 52 கிலோ. ஆர்பிஇ65 மரபணுக் குறைபாட்டால் சிறு வயதிலிருந்தே மாலைக்கண். இப்போது பகலிலும் பார்வை சுருங்கிவருகிறது. ஜீன் தெரபிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மூன்று நாள் முன்பிருந்தே பிரட்னிசோலோன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார் மருத்துவர். கண்ணுக்குள் செலுத்தும் மருந்துக்கு உடம்பு முழுவதும் பரவும் ஸ்டீராய்டு எதற்கு? சொட்டு மருந்து போதாதா? கண் நன்றாக இருந்தால் பாதியில் நிறுத்தலாமா? ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இந்தச் சிகிச்சையின் பலனைக் கூட்டும் என்று படித்தேன். அதையும் கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: பாதியில் நிறுத்த வேண்டாம். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்த மாத்திரை சிகிச்சைக்குத் துணையாக எழுதிக்கொடுத்த ஏதோ ஒன்று அல்ல, சிகிச்சையின் ஒரு பாதி.

உங்கள் தம்பிக்குத் தரவிருக்கும் மருந்து வோரெட்டிஜீன் நெபார்வோவெக், அதாவது லக்ஸ்டர்னா. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் தந்தது. சரியான ஆர்பிஇ65 மரபணுவை விழித்திரைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏஏவி2 என்ற வைரஸின் வெற்று உறை. ஒரு கண்ணுக்கு 0.3 மில்லிலிட்டர் திரவம். அதற்குள் சுமார் 15,000 கோடி வைரஸ் துகள்கள். இந்த வைரஸ் நோய் தருவதில்லை. ஆனால் நம்மில் பலர் வாழ்க்கையில் என்றோ ஒருநாள் இதன் இயல்பான வடிவத்தைச் சந்தித்திருக்கிறோம். அதனால் உடலின் காவல் செல்களுக்கு இந்த உறை முன்பே அறிமுகம். உள்ளே இருப்பது நல்ல மரபணு என்று அவற்றுக்குத் தெரியாது.

எதிர்ப்பு இரண்டு கட்டமாக எழுகிறது. துகள்கள் செல்லுக்குள் நுழைந்த சில மணி நேரத்திலிருந்தே, டிஎல்ஆர்9 போன்ற உணர்விகள் அந்நிய டிஎன்ஏவை அடையாளம் கண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. அடுத்த நாள்களிலும் வாரங்களிலும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் வருகின்றன. வைரஸ் உறையின் துணுக்குகளைத் தாங்கி நிற்கும் செல்களை அவை அழிக்கக்கூடும். அப்படி அழியும் செல் எது? புதிய மரபணுவைப் பெற்ற அதே விழித்திரைச் செல்தான். போனால் அது மீண்டும் வளராது. அதே கண்ணுக்கு இன்னொரு முறை மருந்து செலுத்துவதும் இன்றைய வழக்கத்தில் இல்லை.

இது வெறும் ஊகம் அல்ல. ஹீமோஃபீலியா பி என்ற, இரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ளவர்களின் கல்லீரலுக்கு ஏஏவி மூலம் மரபணுவைச் செலுத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. இரத்தத்தை உறையவைக்கும் காரணி முதலில் உயர்ந்தது, சில வாரங்களில் சரிந்துவிட்டது. மரபணுவைப் பெற்ற செல்களை டி செல்கள் தாக்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2011இல் வெளியான அடுத்த ஆய்வில், கல்லீரல் செல்கள் சேதமாவதைக் காட்டும் நொதி உயரத் தொடங்கியதும் பிரட்னிசோலோன் கொடுத்தார்கள், பலன் தங்கியது. ஜீன் தெரபியில் ஸ்டீராய்டுக்கு இன்றுள்ள மதிப்பு பெருமளவில் அங்கிருந்து வந்தது.

கண்ணுக்கு இயல்பாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு. விழித்திரைக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு, எதிர்ப்புச் செல்களை எளிதில் உள்ளே விடாது. உங்கள் தம்பிக்கு விழித்திரையின் அடியில் மருந்து செலுத்துவார்கள். இம்முறையில் எதிர்ப்பு குறைவாகவே எழுகிறது. கண்ணின் நடுவே உள்ள விட்ரியஸ் திரவத்தில் செலுத்தும்போதுதான் அழற்சி அதிகம். நீரிழிவு விழித்திரை வீக்கத்துக்கான ஓர் ஆய்வில் அப்படிச் செலுத்திய உயர்ந்த அளவு, சிலருக்குக் கடும் அழற்சியையும் கண் அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கியது 2021இல் தெரியவந்தது. ஆனால் விழித்திரையின் அடியில் செலுத்தினாலும் அறுவைசிகிச்சையே அந்தத் தடுப்பைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறது. அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் இந்த மாத்திரை.

சொட்டு மருந்து கண்ணின் முன்பகுதிக்கு நல்லது. விழித்திரையின் அடிவரை போதிய அளவு போய்ச் சேராது. மேலும் டி செல்கள் கண்ணுக்குள் உருவாவதில்லை. நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் தயாராகித்தான் கண்ணுக்கு வருகின்றன. அங்கே அவற்றை அடக்க, மருந்து இரத்தம் வழியாகவே போக வேண்டும். ஸ்டீராய்டு செல்லின் மரபணு இயக்கத்தை மாற்றி வேலை செய்வதால் பலன் உடனே வராது. ஊசிக்கு முன்பே தொடங்குவதன் காரணம் இதுதான்.

பரிந்துரைக்கப்பட்ட அளவு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம், ஆனால் எவருக்கும் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தம்பி 52 கிலோ என்றாலும் 40தான். ஊசிக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி மொத்தம் 7 நாள். பிறகு 10 நாள் படிப்படியாகக் குறைப்பு. வெளியே கண் வெண்மையாக, வலியில்லாமல் இருப்பதை வைத்து உள்ளே அமைதி என்று முடிவுசெய்ய முடியாது. குறைக்கும் நாள்களும் சிகிச்சையில் அடங்கியவையே.

ஸ்டீராய்டு பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. பல மாதங்கள் சாப்பிடுபவர்களுக்கு வரும் எலும்புத் தேய்வு போன்றவை இந்தச் சில வாரங்களில் வருவது அரிது. தூக்கம் கெடுவது, எரிச்சல், பசி, வயிற்றெரிச்சல், சர்க்கரை ஏறுவது ஆகியவை வரலாம். காலையில் சாப்பிட்ட பிறகு விழுங்கினால் பாதிச் சிரமம் குறையும். தம்பிக்கு நீரிழிவு, வயிற்றுப்புண், மனநலச் சிகிச்சை, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), முன்பு காசநோய், ஹெபடைடிஸ் பி இவற்றில் எது இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் மறைக்காதீர்கள். ஊசியைத் தள்ளிவைப்பதில் நட்டமில்லை. தடுப்பூசி எதுவும் போடவிருந்தால் அதன் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி நீங்கள் படித்தது கற்பனை அல்ல. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2019இல், எலியின் விழித்திரையிலும் ஆய்வகத்தில் வைத்த மனித விழித்திரைத் திசுவிலும் இந்த மருந்து ஏஏவி தந்த மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுவதைக் காட்டினார்கள். நான் முன்பு சொன்ன டிஎல்ஆர்9 உணர்வியை அது அடக்குகிறது. எனக்கும் நம்பிக்கை தரும் வழிதான் அது. ஆனால் இதே மருந்து நிறமித் திசுவில் தங்கும். நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு விழித்திரையையே கெடுக்கும். கண் மருத்துவர்கள் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்ட விடாதது அதனால்தான். உங்கள் தம்பியின் நோய் இருப்பதும் விழித்திரையின் அடியில் உள்ள நிறமிச் செல் அடுக்கில்தான். முறையான ஆய்வில் சேர்ந்தால் ஒழிய, அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

இரண்டாவது கண்ணுக்குக் குறைந்தது 6 நாள் இடைவெளி விடுவார்கள். முதல் கண்ணுக்கான குறைப்பு முடிவதற்குள் அந்த நாள் நெருங்கினால், குறைப்பை விட்டுவிட்டு ஊசிக்கு மூன்று நாள் முன்பிருந்து மறுபடி முழு அளவு தொடங்கும். குழம்பும் இடம் இதுதான். தேதி வாரியான அட்டவணையை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் கண் சிவந்தாலோ வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, புதிதாகப் புள்ளிகள் மிதந்தாலோ, பார்வை குறைந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.