சூடான வாயு இரைப்பைப் புற்றுநோயைக் கொல்லுமா? டாக்டர் பதில்கள்

செல்வி: லேப்ராஸ்கோபியில் (சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) வயிற்றை உப்ப வைக்கும் வாயுவைச் சூடாக்கியே கேன்சர் செல்களை அழிக்கலாம் என்று படித்தேன். நிஜமா டாக்டர்?

பதில்: ஆய்வகத்தில் நிஜம். அந்த வாயு கார்பன் டை ஆக்சைடு. அதை 43 டிகிரி செல்சியஸில், தட்டில் வளர்த்த புற்றுசெல்கள் மேல் மணிக்கணக்கில் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள், முக்கியமாகச் சீனாவில். செல்கள் மடிகின்றன. சூடு பாதி வேலை செய்கிறது, வாயு கரைந்து உண்டாகும் அமிலத்தன்மை அதற்குத் துணை.

ராகவன்: அதே சூட்டை வயிற்றுக்குள் வைக்க முடியாதா?

பதில்: சிக்கலே அங்கேதான். வாயுவால் சூட்டைச் சுமக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சுமக்காது. குழாய் முனையில் 43 காட்டும். குடல் மேல் படுவதற்குள் சூடு போய்விடும். மிச்சத்தை ரத்த ஓட்டம் இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, உலர்ந்த வாயு என்றால் வயிற்றின் உள்சவ்வின் ஈரம் ஆவியாகி அந்த இடம் இன்னும் குளிரும். வாயுவை மட்டும் நம்பி இது சிகிச்சையாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பர்வீன்: ஆனால் எங்கள் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் சூடான வாயு விடுகிறார்களே?

பதில்: அது ஈரப்பதத்தோடு 37 டிகிரியில். நோயாளியின் உடம்பு குளிராமல் இருக்க, அவ்வளவுதான்.

முருகேசன்: அப்புறம் ஹைபெக் என்பது?

பதில்: அது திரவம். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எடுத்தபின், மைட்டோமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தை 41–43 டிகிரியில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுற்றவிடுவார்கள். வயிற்றுச் சவ்வில் பரவிய இரைப்பைப் புற்றுநோய்க்கு ஜெர்மனியில் நடந்த காஸ்ட்ரிபெக் ஆய்வில் நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை.

கவிதா: மருந்தையே புகைபோல அடிக்கும் முறை?

பதில்: பைபாக். 2011-இல் ஜெர்மனியில் தொடங்கியது. மருந்தை நுண்துளிகளாக்கி, 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். தெளிக்கும்போது நாங்கள் எல்லோரும் தியேட்டரைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கருவியை வெளியிலிருந்தே இயக்குவோம். இதில் சூடு இல்லை, அழுத்தம்தான் ஆயுதம்.

தினேஷ்: அப்பாவுக்கு லேப்ராஸ்கோபி என்கிறார்கள். வாயு அடித்து நோய் பரவிவிடாதே?

பதில்: 1990-களில் அந்தப் பயம் இருந்தது. சீனாவின் கிளாஸ்-01 ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், மூன்றாண்டு முடிவு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ததற்குச் சமமாகவே வந்தது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வயிற்றைக் கழுவிய நீரை சைட்டாலஜிக்கு, அதாவது நுண்ணோக்கியில் செல்களைப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்களா? அதில் புற்றுசெல் இருந்தால் பெரும்பாலும் கீமோதான் முதலில், ஆபரேஷன் பிறகு.