பழைய வீட்டு அடுப்படியில் புது குக்கிங் ரேஞ்ச்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா காலத்தில் கட்டியது. முகப்பிலிருந்து அடுப்படி வரை தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த பழைய வயரிங்தான். ஓவனோடு சேர்ந்த குக்கிங் ரேஞ்ச் வாங்கியிருக்கிறோம், 7.2 கிலோவாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இருக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக்கிலேயே மாட்டிவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சுவரைக் கொத்த ஆச்சி சம்மதிக்க மாட்டார். என்ன செய்வது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அந்தப் பிளக்கில் மாட்டவே கூடாது. 7200 வாட்டை 230ஆல் வகுத்தால் 31 ஆம்பியருக்கு மேல் வருகிறது. 16 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3.7 கிலோவாட் வரைதான். பழைய வயரின் ரப்பர் உறையும் இத்தனை வருடத்தில் காய்ந்து மொரமொரப்பாகியிருக்கும், வளைத்தாலே உதிரும். அது சூடேறுவது தேக்குச் சட்டத்தின் மேல் என்பதை மறக்க வேண்டாம்.

மெயின் போர்டிலிருந்து ரேஞ்சுக்கென்று தனி லைன் இழுங்கள். நடுவில் ஜாயின்ட் கூடாது, வேறெந்தப் பாயின்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் முகப்புக்கும் அடுப்படிக்கும் இடையே வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்ட வேண்டும்; வயர் 40 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மி.மீ. செம்பு வயரில் இந்த லோடுக்கு 9 வோல்ட் அளவுக்கு வழியிலேயே விழும். 10 சதுர மி.மீ. போட்டால் அது ஐந்தரை வோல்ட்டாகக் குறையும். சித்திரை வெயிலிலும் வயர் அதிகம் சூடாகாது. ஆகவே ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுமே 10 சதுர மி.மீ. செம்பு. போர்டில் 40 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி. (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் தானே துண்டிக்கும் சுவிட்ச்), அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் (40 அல்லது 63 ஆம்பியர்). வயர் முனைகளில் செம்பு லக் (முனையில் மாட்டும் குழல்) வைத்து, கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். முறுக்கித் திணித்த முனைதான் பெரும்பாலும் முதலில் கருகும்.

சுவரைத் தொட வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தினால், அதே மெருகில் ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பது அரிது. 25 மி.மீ. கனமான பி.வி.சி. பைப்பை உத்தரத்துக்குக் கீழே, நடைச்சுவர் ஓரமாக வெளியில் தெரியும்படியே கொண்டுபோங்கள். மழையும் வெயிலும் நேராக விழும் முற்றத்தைக் குறுக்கே கடக்காமல் தாழ்வாரத்தைச் சுற்றிப் போவது நல்லது. அடுப்படியில் 40 ஆம்பியருக்குக் குறையாத டபுள் போல் ஐசொலேட்டர் (ரேஞ்சை லைனிலிருந்து முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். அதை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தீக்கு மேலே கையை நீட்டியா சுவிட்சை அணைக்க முடியும்?

மெயின் போர்டில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் பீங்கான் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் அப்படித்தான் வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு எரியாது. கரண்ட் இல்லை என்று நினைத்து வயரைத் தொடுபவரின் கையில் 230 வோல்ட் இருக்கும். அந்த நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டு, நியூட்ரலை நடுவில் ஃபியூஸ் இல்லாமல் நேராக இணைக்கச் சொல்லுங்கள். கூடுதல் லோடுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, மீட்டரும் சர்வீஸ் வயரும் தாங்குமா, மூன்று ஃபேஸ் வேண்டுமா என்பதையும் ரேஞ்சை இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் எர்த் வயரே கிடையாது. நியூட்ரலிலிருந்து ஒரு லூப் எடுத்து எர்த்தில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உயிரோடு விளையாடும் வேலை இது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஃபேஸ் கரண்ட் அடுப்பின் காயில் வழியாக வந்து அந்த லூப்பில் ஏறி, ரேஞ்சின் உடம்பு முழுவதையும் 230 வோல்ட் ஆக்கிவிடும். ஈரக்கையும் வெறுங்காலுமாகத் தரையில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் வீண். பாதி வழியில் அது பி.வி.சி. குழாயாக மாறியிருக்கும்.

தனி எர்த் குழி போடுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள 40 மி.மீ. ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைக்க வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண்ணும் செம்பாறையும் கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடுவதால் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறும். எனவே எர்த் டெஸ்டர் கொண்டு மழைக்காலத்தில் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாமல், கோடையிலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் இரண்டாவது குழி போட்டு இரண்டையும் இணையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே பயன்படுத்திய ரேஞ்சை அனுப்புகிறாள். '240 வோல்ட்' என்றுதான் இருக்கிறது. இங்கே ஓடுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே இரண்டு ஃபேஸ் முனைகளுக்கு இடையே 240, ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். காயில்கள் 240-இல் ஓடினாலும் விளக்கு, கடிகாரம், கன்ட்ரோல் போர்டு போன்றவை பெரும்பாலும் 120-ஐ எதிர்பார்ப்பவை. நம் லைனில் அந்த நடு முனை இல்லை. அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவது என்றால் 230–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பொருந்தும்.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஃபேஸ் சர்வீஸ். ரேஞ்சின் பின்னால் ஐந்து முனைகள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முனைகளை இணைக்கும் செம்புத் தகடுகளை. ஒற்றை ஃபேஸுக்காக எல்1, எல்2, எல்3 என்ற ஃபேஸ் முனைகள் மூன்றையும் சேர்த்துத் தகடு போட்டிருந்தால், அதைக் கழற்றாமல் மூன்று ஃபேஸ் கொடுத்த கணமே ஷார்ட் ஆகும். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கு வந்து ஓவனைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது.
– வாசகி, கோட்டையூர்

பதில்: ஓவன் காயிலுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி, பூட்டிய வீட்டின் ஈரத்தை இழுத்திருக்கும். அதற்காக எர்த்தையோ ஆர்.சி.சி.பி.யையோ கழற்றி ஓட்டிப் பார்க்க ஒருபோதும் விடாதீர்கள். ஐசொலேட்டரை அணைத்து, ஒவ்வொரு காயிலையும் தனியாகப் பிரித்து 500 வோல்ட் மெக்கரில் (கரண்ட் கசிவைத் தடுக்கும் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் காயிலைக் கழற்றி நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அணில், எலி கடித்த வயரும் இதே கோளாறைக் காட்டும் என்பதால் பின்மூடியைத் திறந்து அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது ரேஞ்சின் எம்.சி.பி.யை மெயின் போர்டிலேயே இறக்கிவிட்டுப் போங்கள்.