தட்டு 3.16, டம்ளர் 2.93

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வட்டமான பொருள்களின் சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லி வீட்டுப்பாடம். வீட்டில் கிடந்த சணலைச் சுற்றி அளந்தோம். சாப்பாட்டுத் தட்டு: சுற்றளவு 88.5, விட்டம் 28. டம்ளர்: 22, 7.5. ரெண்டு-ஆறு சைஸ் வளையல்: 20.7, 6. எல்லாம் செ.மீ. வகுத்தால் 3.16, 2.93, 3.45 என்று வந்தன. பள்ளியில் மூன்றையும் அடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் 3.14 என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். “அப்புறம் எதுக்கும்மா அளந்தோம்?” என்கிறாள். 22/7 போடுவதா, 3.14 போடுவதா என்பதிலும் அவளுக்குக் குழப்பம். விகிதம் என்று தனியாக ஒரு பாடம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் எழுதிய மூன்று எண்களும் எனக்குப் பிடித்திருக்கின்றன. யாரையோ பார்த்து எழுதியிருந்தால் 3.14, 3.15, 3.13 என்று அழகாக வந்திருக்கும். 2.93 வந்திருப்பதால் உண்மையாகவே அளந்திருக்கிறாள் என்று தெரிகிறது.

வளையலை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் ரெண்டு-ஆறு என்றால் இரண்டு அங்குலமும், அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கும். அது கை நுழையும் உள்விட்டம், சுமார் 6 செ.மீ. ஆனால் சணலை நீங்கள் சுற்றியது வளையலின் வெளிப்புறத்தில். வளையலின் தடிமன் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் வெளிவிட்டம் 6.4. சணலுக்கும் தடிமன் உண்டு. அது 2 மில்லிமீட்டர் என்றால், நீங்கள் உண்மையில் அளந்தது 6.6 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தை. இப்போது 20.7ஐ 6.6ஆல் வகுத்துப் பாருங்கள். 3.14 வருகிறதா?

தட்டில் கூடுதலாக வந்ததற்கும் சணல்தான் காரணம். பெரிய வட்டத்தில் அந்த 2 மில்லிமீட்டர் கரைந்துபோகும், சின்ன வட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். டம்ளர் வேறு கதை. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு வாய் அகலம், இடுப்பு ஒடுக்கம். ஸ்கேலை வாயில் வைத்திருப்பீர்கள், சணல் வழுக்கிக் கொஞ்சம் கீழே போய் நின்றிருக்கும். ஒரு வட்டத்தின் விட்டத்தையும் இன்னொரு வட்டத்தின் சுற்றளவையும் வகுத்திருக்கிறீர்கள்.

இந்தத் துப்பறியும் வேலைதான் அந்த வீட்டுப்பாடத்தின் சாரம். அதை அடித்துவிட்டது எனக்கு வருத்தமே. வகுப்பில் அத்தனை பிள்ளைகள், ஒரு பீரியட். ஆசிரியரின் அவசரம் புரிகிறது. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே எண்ணை எழுதவைப்பதற்கு நூலும் ஸ்கேலும் எதற்கு?

விகிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இது விகிதப் பாடமேதான். 5 நோட்டு 150 ரூபாய் என்றால் 8 நோட்டு எவ்வளவு என்று கேட்கும்போது, ஒரு நோட்டு 30 ரூபாய் என்பது மாறாமல் நிற்கிறது. வட்டத்தில் விட்டம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 3.14 செ.மீ. கூடுகிறது. அந்த 30 இருக்கும் இடத்தில் இங்கே பை (π, எந்த வட்டத்திலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) இருக்கிறது. இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் வைத்துவிட்டதால், பிள்ளைகளுக்குப் பை என்பது வானத்திலிருந்து விழுந்த எண்ணாகத் தெரிகிறது.

மகளிடம் ஒரு வரைபடத் தாள் கொடுங்கள். கிடையாக விட்டம், செங்குத்தாகச் சுற்றளவு. இன்னும் நாலைந்து மூடிகள், வாளி, மிதிவண்டிச் சக்கரம் என்று சேர்த்து (சக்கரத்துக்குத் தாளில் இடம் போதாது, அளவுத்திட்டத்தை அவளே முடிவு செய்யட்டும்) புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் பூஜ்யத்திலிருந்து கிளம்பும் ஒரே நேர்கோட்டை ஒட்டி வரும். வளையல் கோட்டுக்கு மேலே, டம்ளர் கீழே விலகி நிற்கும். எதைத் திரும்ப அளக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளி விளையாட்டு விழாவிலும் இதே கணக்கு ஓடுகிறது. 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை ஒருவர் முன் ஒருவராகத் தள்ளி நிறுத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே போனால் வளைவின் விட்டம் 2.44 மீட்டர் கூடும். அதைப் பையால் பெருக்கினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 7.66 மீட்டர். (இரண்டாம் லேனுக்கு மட்டும் 7.04. முதல் லேனை அளக்கும் கோடு வேறு.) மைதானம் பெரிதோ சிறிதோ, லேன் அகலம் அதேதான் என்றால் இந்தத் தள்ளலும் அதேதான். முதன்முதலில் கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். நேர்விகிதத்தின் குணமே இது. விட்டத்தில் எவ்வளவு கூட்டுகிறோம் என்பதுதான் பேச்சு, எதனோடு கூட்டுகிறோம் என்பதல்ல.

பரப்பளவு இப்படி நடந்துகொள்ளாது. ஒரு இஞ்ச் பைப்புக்குப் பதிலாக அரை இஞ்ச் பைப் இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். வாயின் பரப்பைப் பார்த்தால் நான்கு வேண்டும்.

பரப்பளவுக்கு நம் பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது: “வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி.” சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு வந்துவிடும். இதில் பை எங்கே என்று தேடாதீர்கள். நூலால் அளந்த சுற்றளவுக்குள்ளேயே அது இருக்கிறது. உங்கள் தட்டுக்கு 44.25 பெருக்கல் 14, அதாவது 619.5 சதுர செ.மீ. புத்தகச் சூத்திரத்தில் 22/7 போட்டால் 616. சணலால் அளந்ததற்கு இது மோசமில்லை.

22/7ஆ 3.14ஆ என்ற கேள்விக்கு: இரண்டுமே பை அல்ல, இரண்டும் பக்கத்தில் இருப்பவை. 22/7 சுமார் 0.0013 கூடுதல், 3.14 சுமார் 0.0016 குறைவு. ஆக 22/7 ஒரு மயிரிழை நெருக்கம். பையின் மதிப்பு 3 1/7க்குச் சற்றுக் குறைவு என்று 96 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வைத்து ஆர்க்கிமிடீஸ் காட்டினார். ஆரியபட்டர் கி.பி. 499இல் 62832/20000, அதாவது 3.1416 என்று கொடுத்து, அதுவும் தோராயம்தான் என்றே எழுதினார். பரீட்சையில் ஆரம் 7, 14, 21 என்று வந்தால் 22/7 போட்டு அடித்துவிடலாம். கணக்குப் போடுகிறவர் அதற்காகவே அந்த எண்களைக் கொடுக்கிறார். உங்கள் வீட்டு வாளிக்கு அந்தத் தயவு கிடையாது, அங்கே 3.14 வசதி.

மறுபடி அளப்பதென்றால் சணலை விட்டுவிடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். விளிம்பில் ஒரு மைப்புள்ளி வைத்து, வழுக்காமல் பத்துச் சுற்று உருட்டி, போன தூரத்தை டெய்லர் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் 2 மில்லிமீட்டர் தப்பினால் விடை 3.22 ஆகிவிடும். பத்துச் சுற்றுக்கும் சேர்த்து அதே 2 மில்லிமீட்டர் தப்பினால் 3.15தான். நோட்டில் பழைய மூன்று எண்களை அழிக்க வேண்டாம். பக்கத்தில் “உள்விட்டம் அளந்தது”, “நூல் இறங்கியது” என்று எழுதி, புது அளவைக் கீழே எழுதட்டும்.