முழங்கால் வலியுள்ள அப்பாவை கைல் ஃபீல்டுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். தம்பி டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். திருச்சியிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். செப்டம்பரில் எல்லோருமாக அந்தப் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டு மைதானத்தில் கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) ஆட்டம் ஒன்றுக்குப் போக ஆசை. அப்பாவுக்கு வயது 68. முழங்கால் வலி உண்டு, இன்சுலின் போடுகிறார். தெரிந்தவர் ஒருவர் நான்கு மாணவர் டிக்கெட்டுகளைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அப்பாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். அந்த நான்கு டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள்.

மாணவர் டிக்கெட் மாணவருக்கு உரியது. வாசலில் மாணவர் அட்டையைக் கேட்டால் அப்பா எதைக் காட்டுவார்? எப்படியோ உள்ளே போய்விட்டாலும் அங்கே உட்கார முடியாது. 1922-இல் கிங் கில் என்ற மாணவர் பார்வையாளர் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, தேவைப்பட்டால் ஆடத் தயாராக மைதானத்தின் ஓரத்தில் நின்றார். அந்த நினைவில் இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள். கணக்குக்கு 60 நிமிட ஆட்டம்தான், ஆனால் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். முன்னால் எல்லோரும் நிற்கும்போது உங்கள் அப்பா உட்கார்ந்தால் முதுகுகள்தான் தெரியும்.

இந்த 'தெரிந்தவர்' விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன், முதலில் பணம் போடுங்கள் என்று எவர் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வெளியே நிற்பார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அப்படி வாசலிலேயே நின்ற குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். கையில் இல்லாத டிக்கெட்டை விலைபேசி விற்றுவிட்டு, பிறகு தேடி அலைகிற தரகர்களும் உண்டு. முதலில் டுவெல்த் மேன் ஃபவுண்டேஷனில் பாருங்கள், ஏ அண்ட் எம் டிக்கெட்டுகளை விற்பது அவர்கள்தான். மறுவிற்பனைத் தளத்துக்குப் போக வேண்டி வந்தால் கட்டணங்களும் சேர்ந்த மொத்த விலையைப் பாருங்கள். அதை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனை சாதாரண நியாயத்துக்கு இத்தனை வருடம்!

இனி உங்களுக்கு முக்கியமான விஷயம். சக்கர நாற்காலி இருக்கை என்றதும் 'அது நமக்கில்லை' என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டுமல்ல, உடல்நிலை காரணமாகப் படி ஏற முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் அந்த இருக்கைகளை வைத்திருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கான டிக்கெட் வாங்கும்போது மருத்துவச் சான்று கேட்க விற்பவருக்கு உரிமை இல்லை. தேவை இருக்கிறதா என்று கேட்கலாம், அவ்வளவுதான். அதே பகுதியில் உள்ள மற்ற இருக்கைகளைவிட அதிக விலை வைக்கவும் கூடாது. இடம் இருந்தால் அந்த இருக்கையோடு பக்கத்தில் மூன்று வரை வாங்கலாம். நீங்கள் நான்கு பேர், கணக்கு சரியாக இருக்கிறது. சாதாரண டிக்கெட் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், அன்று இப்படி ஓர் இருக்கை காலியாக இருந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம். ஆனால் தேவை இல்லாதவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அப்பாவால் மெதுவாகப் படி ஏற முடியும் என்றால் கீழ் வரிசைகளில் சாதாரண இருக்கை எடுங்கள். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, காலைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

பை விஷயம் சுருக்கமாக: 12 x 6 x 12 அங்குலத்துக்குள் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பை, இல்லையென்றால் கையடக்கமான சிறு கைப்பை மட்டும்தான். அம்மாவின் தோள்பை காரிலேயே இருக்கட்டும். இன்சுலின், ஊசி போன்ற மருந்துப் பொருட்களைச் சோதித்துவிட்டு அனுமதிப்பார்கள். மருந்துச் சீட்டோடு, வாசலில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பரில் டெக்சஸ் வெயில் பொல்லாதது. பகல் ஆட்டமென்றால் மேற்குப் பக்க இருக்கை எடுங்கள், நிழல் அங்கேதான் முதலில் விழும். இரவு ஆட்டம் அதைவிட நல்லது. ஆனால் பல ஆட்டங்களுக்குத் தொடங்கும் நேரத்தையே ஒன்றிரண்டு வாரம் முன்புதான் அறிவிக்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர்களின் வசதிக்கு நேரம் குறிக்கிறார்கள், ஊரிலிருந்து வந்த பெரியவர்களை யார் நினைக்கிறார்கள்? அதனால் நேரம் தெரியும்வரை, திருப்பித் தராத ஓட்டல் அறை எதையும் பதிவு செய்யாதீர்கள்.

நான்கு டிக்கெட்டையும் முதல் நாள் இரவே உங்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னல் கிடைப்பது பெரும்பாடு. அப்பா அம்மா போனில் அமெரிக்க சிம் இல்லையென்றால், உள்ளே நுழையும்போது உங்களை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.